ஏரியில் நிற்கும் வேலிகாத்தானை இப்பவே வெட்டலாமா? பறவைக்கு நிஜமா எது உதவும்?

லத்தேரி பையன்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி தாண்டி லத்தேரி பக்கம் நம்ம ஊரு. மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன். பறவையைப் பத்தி படிச்சவன் இல்ல, பார்க்கப் பிடிக்கும், அவ்ளோதான்.

ஊர்ப் பசங்க சேர்ந்து ஏரிக்காக ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். இந்த வருஷம் ஏரி கோடி போகல, ஆனாலும் முக்கால்வாசி ரொம்பிடுச்சு. மேக்கால நீர்ப்பிடிப்புல வேலிகாத்தான், அதான் சீமைக் கருவேல முள்ளு, காடா நிக்குது. அந்த மரமெல்லாம் இப்ப முழங்கால் தண்ணியில. பொழுது சாயுற நேரத்துல கரை மேல நின்னு பார்த்தா மரம் பூரா பறவை. கொக்கு, வக்கா, நீர்க்காக்கா, அப்புறம் உடம்பு வெள்ளையா தலை மட்டும் கருப்பா மூக்கு வளைஞ்ச ஒண்ணு. குச்சி வெச்சு கூடும் கட்டியிருக்குங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா, கரிமூட்டம் போடுற ஒருத்தர் வந்து, "மொத்த முள்ளையும் நானே ஆள் விட்டு இப்பவே வெட்டிக்கிறேன், கோயில் செலவுக்குப் பணமும் தர்றேன்"னு கேக்குறார். பெரியப்பா தலைமையில பாதி ஊரு ரெடி. வேலிகாத்தான் ஒழிஞ்சாதான் ஏரி உருப்படும், ஐகோர்ட்டே எடுக்கச் சொல்லியிருக்குன்னு சொல்றாங்க. அதுவும் நியாயமாத்தான் படுது. கோடையில ஜேசிபி விட்டு நடுவுல நல்லா ஆழமா வெட்டுறது, கரை மேல வாக்கிங் பாதை போட்டு எல்இடி லைட் வைக்கிறது, பறவைக்கு மண் சட்டியில தண்ணி, மரத்துல பானை கட்டுறதுன்னு திட்டம் வேற இருக்கு. துபாய்ல இருக்கிற ஒரு அண்ணன் காசு தர்றேன்னு சொல்லியிருக்கார். இதுல எது பறவைக்கு ஆகும், எது ஆகாது?

இன்னொண்ணு. ஜனவரி கடைசியில நடுநிலைப் பள்ளிப் பசங்களை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறோம். அந்த நேரத்துலதான் கடலாமை முட்டை வைக்க கரைக்கு வரும்னு கேள்விப்பட்டேன். எங்களை மாதிரி கடலே பார்க்காத ஊர்க்காரங்க அதுக்கு என்ன செய்ய முடியும்? பசங்ககிட்ட என்ன சொல்லட்டும்?

கலங்கல்

தம்பி, வெட்டாதீங்க. இந்தப் பருவத்துல வேணவே வேணாம். காரணம் சொல்றேன், கொஞ்சம் நீளும்.

நான் பொதுப்பணித்துறையில வேலை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். வாலாஜா பக்கத்துல பாலாற்று அணைக்கட்டுல பிரியுற காவேரிப்பாக்கம் கால்வாய்ல ஆரம்பிச்சு, இந்தப் பக்கத்து ஏரிகள் பலதுல மதகும் கலங்கலும் பார்த்தவன். பறவை எனக்கு உத்தியோகத்தோட ஒட்டிக்கிட்டு வந்த பழக்கம். காலையில மதகு திறக்கப் போறவனுக்கு வேற யாரு துணை?

நீங்க சொல்ற கருந்தலைப் பறவை அரிவாள் மூக்கன். அதுவும் வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் நம்ம பக்கத்துல வடகிழக்கு மழையை நம்பித்தான் குடும்பம் நடத்துதுங்க. ஐப்பசி, கார்த்திகையில ஏரிக்குத் தண்ணி வந்த பிறகு கூடு கட்டும். அடைகாக்க மூணு வாரத்துக்கு மேல ஆகும். குஞ்சு பறக்க அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் போல. எல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிக்கவும் ஆரம்பிக்காது. ஒரு மரத்துல குஞ்சு வாய் திறந்து கத்தும்போது பக்கத்து மரத்துல இன்னொண்ணு குச்சி பொறுக்கிட்டு இருக்கும். அதனால பங்குனி வரைக்கும் அந்தப் பக்கம் அரிவாளே போகக்கூடாது.

அவ்வளவு பெரிய ஊர்ல வேப்ப மரமும் புளிய மரமும் இருக்க, முள்ளு மரத்துல ஏன் கட்டுதுன்னு கேப்பீங்க. தண்ணிக்காகத்தான். மரத்தடியில தண்ணி நின்னா பூனை, கீரி, நாய், கவட்டை வெச்சிருக்கிற பையன், ஒருத்தனும் கிட்ட வர முடியாது. வேடந்தாங்கல்ல தண்ணிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரங்கள்ல அடையுறதும் அதே கணக்குதான். உங்க ஏரியில நீர்க்கடம்பு இல்ல. இருக்கிறது வேலிகாத்தான், அதுல கட்டியிருக்கு.

இதுல சட்டமும் இருக்கு. 1972ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறதும் பிடிக்கிறதும் மட்டும் இல்ல. காட்டுப் பறவையோட முட்டையை உடைக்கிறது, கூட்டைக் கலைக்கிறது எல்லாமே அந்தச் சொல்லுக்குள்ளதான் வருது. கூடு இருக்கிற மரத்தை வெட்டுறவர் வேட்டையாடினவர் ஆயிடுவார். அதுக்கும் மேல, ஏரிக்குள்ள இருக்கிற மரம் அரசுச் சொத்து. மதிப்புப் போட்டு, ஏலம் விட்டுத்தான் கொடுக்க முடியும். கோயிலுக்குப் பணம் வாங்கிட்டு ஊரே வித்துட்டா நாளைக்கு பெரியப்பாதான் தாலுகா ஆபீசுக்கும் வனச்சரகத்துக்கும் நடக்கணும். இதை அவர்கிட்ட மரியாதையா சொல்லுங்க, கேட்டுக்குவார்.

ஆனா பெரியப்பா சொல்றதுல பாதி சரி. வேலிகாத்தானுக்கு நான் வக்கீல் இல்ல. ஆடு மாடு காயைத் தின்னுட்டுப் போற இடமெல்லாம் முளைக்கும். வரத்துக் கால்வாயை அடைக்கும். கரையில வேர் விட்டா கரைக்கே ஆபத்து. எடுக்கத்தான் வேணும். ஆனா கரி போடுறவர் எடுக்க மாட்டார், வெட்டுவார். அடியை விட்டுட்டு வெட்டின வேலிகாத்தான் ஒண்ணுக்குப் பத்தா துளுத்து வரும். அவருக்கு அது லாபம், அடுத்த வெட்டுக்கு மறுபடி வரலாம். உங்களுக்கு ஏரி சுத்தமாகாது, பறவைக்கும் மரம் போயிடும். எடுக்கிறதுன்னா வேரோட தோண்டணும், அதுக்குத் தரை காயணும். சித்திரை, வைகாசியில செய்யுங்க. முதல்ல வரத்துக் கால்வாய், அடுத்து கரை, அடுத்து மதகுக்கு முன்னாடி. இப்ப கூடு இருக்கிற அந்தத் திட்டை மட்டும் விட்டுடுங்க. அது பக்கத்துலயே வெட்டின மண்ணைக் கொட்டி மேடு போட்டு நாட்டுக் கருவேலம் வைங்க. தண்ணியில நின்னு தாங்குற மரம் அது. அது வளர்ந்து கூடு தாங்குற பருவத்துக்கு வந்தப்புறம், வருஷத்துக்குக் கொஞ்சமா அந்த முள்ளை எடுங்க. சில வருஷம் ஆகும். அவசரக்காரனுக்கு ஏரி வேலை ஆகாது.

ஆழமா வெட்டுற விஷயம். இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற இடம். இப்பல்லாம் தூர்வாருறதுன்னா சுத்தி செங்குத்தா வெட்டி, நடுவுல கிடங்கு பறிச்சு, ஏரியை சட்டி மாதிரி ஆக்கிடுறாங்க. படம் எடுத்துப் போட நல்லா இருக்கு. பறவைக்கு அதுல நிக்க இடம் இல்ல. உள்ளானுக்கு விரல் உயரக் கால், அதுக்கு சேறும் ரெண்டு அங்குலத் தண்ணியும் போதும். நாரைக்கு முழங்கால் தண்ணி. வடக்கே இருந்து வர்ற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வாலைத் தூக்கி தலையைக் கவுத்து மேயுற சாதி, தரை எட்டாத ஆழத்துல பட்டினிதான். ஆழம் பிடிக்கிறது நீர்க்காகம், முக்குளிப்பான், கூழைக்கடா மாதிரி சிலதுக்குத்தான். அதனால நீர்ப்பிடிப்புப் பக்கம் சரிவு சரிவா, ஆடு இறங்கித் தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கட்டும்.

விவசாயிக்கும் இதுல நஷ்டம் இல்ல. மதகோட அடிமட்டத்துக்குக் கீழ நீங்க எவ்ளோ தோண்டினாலும் அந்தத் தண்ணி பாசனத்துக்கு ஏறி வராது. கரையோட காலடியை ஒட்டித் தோண்டினா கரை சரியும். வண்டலை மட்டும் வாருங்க, வயலுக்கு உரம் ஆகும். அதுக்கு வட்டாட்சியர்கிட்ட அனுமதி வாங்கணும். ஏரி யாருதுன்னும் முதல்ல பாருங்க. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், மேல இருந்தா நீர்வளத்துறை.

ஜேசிபி இறங்குறதுக்கு முந்தின நாள் காலையில நாலு பேர் காய்ஞ்ச தரையில மெதுவா நடந்து பாருங்க. கோடையில ஆள்காட்டி வெறும் தரையில முட்டை வைக்கும். கூடுன்னு ஒண்ணும் இருக்காது, நாலு கல்லு நடுவுல நாலு முட்டை, அதுவும் கல்லு நிறத்துலயே. தலைக்கு மேல கத்திக்கிட்டு வட்டம் போட்டா காலடியில ஏதோ இருக்குன்னு அர்த்தம். அந்த இடத்துல ஒரு குச்சி நட்டு வண்டியை சுத்தி விடுங்க. மண் சரிவுல வரிசையா ஓட்டை இருந்தா பஞ்சுருட்டான், மீன்கொத்தி வளை. அங்க சிமெண்ட் பூசிடாதீங்க.

வாக்கிங் பாதை போடுங்க, வேணாம்னு சொல்லல. எங்க வீட்டம்மாவும் சர்க்கரைக்கு நடக்கிறவங்கதான். ஊர்ப் பக்கத்துக் கரையில மட்டும் இருக்கட்டும், நீர்ப்பிடிப்பைச் சுத்தி வளைக்க வேணாம். லைட் தண்ணிப் பக்கம் அடிக்காம, தரையைப் பார்த்து, மறைப்போட வைங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல யாரும் நடக்கப் போறதில்ல, அணைச்சிடுங்க. வக்கா ராத்திரியில மீன் பிடிக்கிற பறவை.

சட்டித் தண்ணி தாராளமா வைங்க. தினமும் கழுவி மாத்தணும், இல்லன்னா கொசு. மரத்துல பானை கட்டினா மைனா வரலாம், குருவி வரலாம். நாரை பானைக்குள்ள போகாது, அதுக்கு அண்ணன் காசை செலவழிக்காதீங்க.

அந்தக் காசுல ஒண்ணு செய்யலாம். ஏரியில மீன் குத்தகை இருக்கா? இருந்தா கிழிஞ்ச தங்கூசி வலையை (மெல்லிசு நைலான் இழை வலை) எங்க போடுறாங்கன்னு பாருங்க. முள்ளுலயும் கரையிலயும் விட்டுட்டுப் போயிருப்பாங்க. தண்ணிக்குள்ள அது கண்ணுக்குத் தெரியாது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் அதுல மாட்டி மூச்சு முட்டி சாகும். கோடையில வலை பொறுக்க ஒரு ஞாயித்துக்கிழமை போதும். குத்தகைக்காரருக்கு பழைய வலையை எடைக்கு எடுத்துக்கிறோம்னு சொல்லிப் பாருங்க, கொடுத்துடுவார்.

குடியாத்தம் கடலை

எல்லாம் கேக்க நல்லா கீது. எங்க நிலத்துல மயில் வந்து நிலக்கடலையை விதைச்ச அன்னிக்கே கிண்டி எடுத்துடுது. கொக்குக்கும் நாரைக்கும் சட்டம் பேசுறீங்களே, விவசாயிக்கு இன்னா சட்டம்? மனுஷனுக்குத் தண்ணி வேணும், முதல்ல ஏரியை வெட்டுங்கப்பா.

கலங்கல்

மயில் விஷயத்துல உங்க வயித்தெரிச்சல் நியாயம்தான். அதுக்கு ஒரு சுலப வழி என்கிட்டயும் இல்ல. விதைச்ச முதல் பத்து நாள் காவல் இருக்கிறதுதான் நான் பார்த்தவங்க செய்றது. ஒண்ணே ஒண்ணு, குருணை மருந்தை தானியத்துல கலந்து வைக்கிற வேலைக்குப் போயிடாதீங்க. மயில் அந்த வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதிகப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு, ஜெயிலுக்குப் போற கேஸ். மயிலோட போகவும் போகாது. புறா, கௌதாரி, மைனா, பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் சாகும்.

நாரையை மயில் கணக்குல சேர்க்காதீங்க. நடவு வயல்ல கூட்டமா இறங்குற நத்தைக்குத்தி நாரை நெல்லைத் தொடாது, அதுக்கு வேண்டியது நத்தை. மாட்டுக்குப் பின்னாடி போற உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளி தின்னும். ராத்திரி பனை மரத்துல உக்காந்து கரகரன்னு கத்துற கூகைக்கு எலிதான் சாப்பாடு. அபசகுனம்னு அதை விரட்டிட்டு எலி மருந்துக்கு காசு கொடுக்கிறோம்.

வேடந்தாங்கல் ஜனங்க இதை எப்பவோ கண்டுக்கிட்டாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்சுதான், வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க சுட வந்தப்ப போய் மனு கொடுத்தாங்க. 1798லயே கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்துல பறவையைக் காக்கிற உரிமையை எழுதி வாங்கிட்டாங்க. ஏரித் தண்ணியில பயிர் வெச்சவங்க போட்ட மனு அது.

சேண்பாக்கம் ராஜா

நாரை, கௌதாரி எல்லாம் குறையுறதுக்குக் காரணம் நரிக்குறவங்கதான். அவங்களை ஏரிப் பக்கம் விடாம பார்த்துக்குங்க, பாதி பிரச்சனை தீரும்.

ஆரணி மலர்

ராஜா அண்ணா, ரோட்டோரத்துல கௌதாரி வாங்கி வறுத்துத் தின்னுறது யாரு? கார்ல போறவங்கதானே நிறுத்தி வாங்குறாங்க? பண்ணையில வளர்க்கிற ஜப்பான் காடை சட்டப்படி சாப்பிடலாம். காட்டுக் காடை, கௌதாரி, கொக்கு எல்லாம் வாங்கினாலே குற்றம். வாங்குற கை நின்னா விக்கிற கை தானா நிக்கும். வீட்டுல பச்சைக்கிளி கூண்டு வெச்சிருக்கிற எத்தனை பேர் அது குற்றம்னு நினைக்கிறாங்க? வேலூர்ல நான் படிச்ச காலத்துல ஹாஸ்டலுக்கு எதிர் வீட்டுலயே ஒண்ணு தொங்கும்.

இனி பையனோட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நான் ஆரணிப் பொண்ணு, இப்ப சென்னையில வேலை. சனிக்கிழமை ராத்திரி கடலாமை நடைக்குப் போற கூட்டத்துல நானும் உண்டு. மாணவர் கடலாமை பாதுகாப்பு வலையமைப்புன்னு 1988ல இருந்து நடக்குது. நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் உடைஞ்ச பாலம் வரைக்கும் ராத்திரியில நடந்து, பங்குனி ஆமை வெச்ச முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல பத்திரமா புதைக்கிறாங்க. ஒரு குழியில சுமார் நூறு முட்டை இருக்கும். ஒன்றரை மாசம் கழிச்சு பொரியும். குஞ்சு பொழுது சாய்ஞ்சதும் கடலுக்குப் போகும். பொது ஜனங்களும் கூட நடக்கலாம், ஆனா எட்டாவது பசங்க ராத்திரி பூரா நடக்கிறது கஷ்டம், அதனால அதை விடுங்க.

பசங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க, கதையா சொன்னா மறக்க மாட்டாங்க. முதலாவது வெளிச்சம். குஞ்சு வெளிய வந்ததும் எந்தப் பக்கம் பிரகாசமா இருக்கோ அந்தப் பக்கம் போகும். விளக்கே இல்லாத காலத்துல கடல்தான் பிரகாசம். இப்ப ரிசார்ட்டு லைட்டும் தெரு லைட்டும் ரோட்டுப் பக்கம் இழுத்துடுது. போய் நாய் வாயிலயும் வண்டிச் சக்கரத்துலயும் மாட்டுது. அதனால இருட்டினப்புறம் மணல்ல டார்ச், செல்போன் ஃபிளாஷ், நெருப்பு மூட்டுறது கூடாது. கடற்கரை ரூம்ல தங்கினா கடல் பக்கத்து லைட்டை அணைச்சு திரையை இழுத்து விடச் சொல்லுங்க. மேனேஜர்கிட்ட பசங்களே போய்க் கேட்டா இன்னும் நல்லது.

ரெண்டாவது மூச்சு. ஆமை மீன் கிடையாது, மேல வந்து காத்து வாங்கணும். இழுவலைப் படகு மணிக்கணக்கா வலையை இழுக்கும்போது உள்ள மாட்டின ஆமை மேல வர முடியாம மூழ்கிச் சாகுது. 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டு கரையில ஆயிரத்துக்கு மேல செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்தவ நான், இன்னும் மனசு ஆறல. கரையில இருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவலைப் படகு வரக்கூடாதுன்னு விதி இருக்கு, வலையில ஆமை தப்பிக்கிற கருவி பொருத்துறதும் இருக்கு. விதியை அமல்படுத்தச் சொல்லிக் கேக்குறதுக்குக் கடலோரத்துல வீடு இருக்கணும்னு இல்ல. வேலூர்ல மீன் வாங்கித் தின்னுற எல்லாரும் கேக்கலாம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் ஊர் ஏரி மீன் சாப்பிட்டா குறைஞ்சா போயிடுவோம்?

செத்த ஆமையைப் பார்த்தா தொடாதீங்க, செல்ஃபி வேணாம், இடத்தைக் குறிச்சு வனத்துறைக்குச் சொல்லுங்க. சங்கு, பவளப்பாறைத் துண்டு, ஆமை ஓடுன்னு யாராவது நீட்டினா வாங்காதீங்க. ஆமையும் பவளமும் சட்டத்துல முதல் அட்டவணை. பழவேற்காடு போனா பூநாரைக் கூட்டத்துக்குள்ள படகை விடச் சொல்லி எல்லாத்தையும் பறக்க வெச்சு வீடியோ எடுக்கிற பழக்கம் இருக்கு. தூரத்துல நின்னு பார்த்தாலே போதும். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் அது மேயுற நேரம் போகுது.

அப்புறம் கடலே பார்க்காத ஊர்னு சொன்னீங்களே, அதை நான் ஒத்துக்க மாட்டேன். பாலாறு எங்க போய் முடியுது? கல்பாக்கத்துக்குத் தெக்கே வயலூர்ல. வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவுல பாலத்துல போகும்போது கீழ பாருங்க. கோழிக்கடைக் கழிவு, கிழிஞ்ச மெத்தை, கேரிபேக். ஆத்துல தண்ணி இல்லாத வரைக்கும் அது நம்ம ஊர் குப்பை. 2021 நவம்பர்ல வந்த மாதிரி வெள்ளம் வந்தா அதுவே கடல் குப்பை. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர்க்காரங்க 1991ல உச்ச நீதிமன்றம் போனாங்க. 1996ல வந்த தீர்ப்பை இந்தியா பூரா சுற்றுச்சூழல் வழக்குல இன்னமும் எடுத்துச் சொல்றாங்க, அசுத்தம் பண்றவனே அதுக்கு விலை கொடுக்கணும்னு. பசங்களுக்கு மகாபலிபுரம் சிற்பத்தைக் காட்டும்போது இதையும் சொல்லுங்க, நம்ம ஊர்ப் பெருமை.

மாட்டாஸ்பத்திரி

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். ஏரி பற்றி மேலே ஐயா சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது அடிபட்ட பறவை மட்டும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்று ஊரிலும் காத்தாடி பிரியர்கள் அதிகம். மாஞ்சா நூலில் அறுபட்டு வருவதில் பருந்து, காக்கை, வக்கா, கிளி எல்லாம் உண்டு. நைலான் நூலும் கண்ணாடித் தூள் பூசிய நூலும் தமிழ்நாட்டில் தயாரிக்க, விற்க, பயன்படுத்தத் தடை. ஆனாலும் ரகசியமாக வருகிறது. உங்கள் தெருவில் மரத்திலும் கேபிள் வயரிலும் தொங்கும் நூலைக் கழியால் இழுத்துச் சுருட்டி எடுத்து, சின்னச் சின்னதாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். ஒரு சீசன் நூல் பல மாதம் அறுக்கும்.

மாட்டிய பறவையை இழுக்காதீர்கள். இழுத்தால் நூல் தசைக்குள் இறங்கும். மேலே ஒரு துண்டைப் போட்டு, இரண்டு பக்கமும் நூலை வெட்டிவிடுங்கள். உடம்பில் சுற்றியதை மருத்துவர் எடுக்கட்டும். உயரத்தில் தொங்கினால் ஏற வேண்டாம், மின்கம்பி பக்கத்தில் இருந்தால் நிச்சயமாக வேண்டாம். 101க்குச் சொன்னால் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள்.

பிறகு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, மூடி, சத்தம் இல்லாத மூலை. இருட்டுதான் முதல் மருந்து. பால் ஊற்றாதீர்கள், சோறு திணிக்காதீர்கள், வாயைப் பிளந்து தண்ணீர் விடாதீர்கள். எங்களிடம் வரும் பறவைகளில் காயத்தால் சாகாமல் மூச்சுக்குழாயில் போன தண்ணீரால் சாவதும் இருக்கிறது. கொக்கு, வக்கா, அரிவாள் மூக்கன் போன்ற நீள மூக்குப் பறவைகள் பிடித்தவர் கண்ணைக் குத்தும், தலையை முதலில் துணியால் மூடுங்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி தவறு.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு வேறு விஷயம். இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. நாய் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

லத்தேரி பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கலங்கல் ஐயா எழுதினதை அப்படியே பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். வேட்டைச் சட்டத்தை விட "அடியில வெட்டினா பத்தா துளுக்கும், மறுபடி அவரே வருவார்"ங்கிற இடத்துலதான் நிமிர்ந்து உக்காந்தார். பணம் போச்சேன்னு கோயில் தரப்புல முணுமுணுப்பு இருக்கு. கரிக்காரர் வேற பக்கத்து ஊர் ஆளுங்களை வெச்சு ராத்திரியில வெட்டிடுவாரோன்னு பயமா கீது. மனு போடலாம்னு இருக்கோம். யாருக்குப் போடணும், என்ன எழுதணும்? பசங்க எடுத்த போட்டோ இருக்கு, ஆனா செல்போன்ல எடுத்தது, பறவை புள்ளி புள்ளியா தெரியுது.

ஆரணி மலர்

போட்டோ போதாது, எண்ணிக்கை வேணும். பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது. நீங்களும் சேருங்க. ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, பார்த்த, கேட்ட எல்லாத்தையும் எண்ணி இ-பேர்ட் செயலியில பட்டியலா ஏத்தணும். பேர் தெரியாத பறவையை விட்டுடுங்க, சந்தேகத்துல எழுதாதீங்க. பட்டியல்ல தேதியும் இடமும் பதிவாகிடும். நாளைக்கு எந்த அதிகாரியும் "இங்க ஏதுப்பா பறவை"ன்னு கேக்க முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, கூடு இருக்கிற மரத்தை கிட்டப் போய் எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விடாதீங்க. அதைப் பார்த்து கேமராக்காரங்க வர்றதுக்கு முன்னாடி கவட்டைக்காரங்க வந்துடுவாங்க.

கலங்கல்

மனு மூணு பேருக்கு. மாவட்ட வன அலுவலர், ஏரி யார் கையில இருக்கோ அந்த அலுவலகம் (ஒன்றியம்னா வட்டார வளர்ச்சி அலுவலர், நீர்வளத்துறைன்னா உதவிப் பொறியாளர்), அப்புறம் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டருக்குக் கொடுத்தா நம்பர் விழும், பதில் வந்தாகணும்.

நீளமா எழுதாதீங்க. ஏரி பேர், கிராமம், சர்வே எண். மேற்குப் பக்க நீர்ப்பிடிப்புல இன்னின்ன பறவை கூடு கட்டி முட்டை, குஞ்சோட இருக்குது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைக்கிறது வேட்டைக்குச் சமம். மரம் வெட்டச் சிலர் முயற்சி செய்றாங்க, பங்குனி முடியுற வரைக்கும் யாருக்கும் அனுமதி தர வேணாம், வனக்காவலர் ஒருத்தர் வந்து பார்வையிடணும். இவ்வளவு போதும். கரிக்காரர் பேரை எழுதாதீங்க, தனிப்பகையா மாறிடும். கோயிலுக்குப் பணம் விஷயத்தையும் கிளறாதீங்க. துபாய் அண்ணன் ஜேசிபிக்குன்னு தர்ற காசு சித்திரை வரைக்கும் சும்மாத்தான் கிடக்கும், அதுல கொஞ்சம் கோயிலுக்குக் கொடுக்கச் சம்மதிப்பாரான்னு கேட்டுப் பாருங்க. ஊர் ஒண்ணா இருந்தாத்தான் ராத்திரி காவல் நிக்க ஆள் கிடைக்கும்.

பெரியப்பாவை முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. ஊராட்சித் தலைவர், ரெண்டு ஆயக்கட்டு விவசாயிங்க, சுய உதவிக் குழு அம்மாங்க கையெழுத்தும் வேணும். பசங்க கையெழுத்து மட்டும் இருந்தா ஓரமா வெச்சுடுவாங்க. எல்லா மனுவுக்கும் ஒரு நகல் எடுத்துட்டுப் போங்க, அதுல தேதியோட சீல் வாங்காம தபால் பிரிவை விட்டு வெளிய வராதீங்க. இந்த வாரமே போங்க, பொங்கல் லீவு வந்துட்டா ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க.